வகைக்கு ஒரு பாட்டு, காரணத்தோட

பல்லடத்தான் | ஜூன் 8, காலை 7.10

அண்ணா, ஒரு கேள்விங்க. தேவாரம், திருப்புகழ், கும்மி, உடுக்கைப்பாட்டு, பழைய சினிமா, தாலாட்டுன்னு வகைக்கு ஒண்ணே ஒண்ணு எடுக்கச் சொன்னா எதை எடுப்பீங்க? "மனசுக்குப் புடிச்சிருக்கு"ன்னு சொல்லித் தப்பிக்கப்படாது. பாட்டுக்குள்ள என்ன இருக்குதுன்னு சொல்லோணும். என் கட்சி இது: குரல்தான் எல்லாம். குரல் இல்லாட்டி எந்த வகைப் பாட்டும் நிக்காது. தப்புன்னா சொல்லுங்க.

ஜூன் 8, இரவு 9.30

பாதி சரி. பல்லடத்துல இருந்து கேக்கறதால தறிச் சாளையில இருந்தே ஆரம்பிக்கலாம். சாதாரண விசைத்தறி நிமிசத்துக்கு 120-ல இருந்து 160 ஊடை (குறுக்கு நூல்) வரைக்கும் போடும். எட்டுத் தறி ஓடற சாளையில சத்தம் 90 டெசிபலுக்கு மேல. அந்த இரைச்சல்ல பாட்டுல பாதி செத்துப் போகும். எது பொழைக்கும்? காது ரொம்பக் கூர்மையா இருக்கறது 2000-ல இருந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும். அந்த இடத்துல பலம் இருக்கற குரல் தறியைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். டி.எம்.சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன், எல்.ஆர்.ஈஸ்வரி மூணு பேரும் வருவாங்க. காதுக்குள்ள குசுகுசுன்னு பாடற இப்போதைய பாட்டு ஒண்ணும் வராது. அது பாட்டோட குத்தமில்ல, சாளையோட குத்தம்.

நோம்பிக்குக் கட்டற கூம்புக் குழாயும் இதே கதைதான். அதுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஏறக்குறைய ஒண்ணுமே வராது. மிருதங்கத்துல தொப்பி (கும்முனு பேசற இடது பக்கம்) காணாமப் போயிரும், வலந்தலை (வலது பக்கம்) மட்டும் டிக் டிக்குன்னு கேக்கும். மாரியம்மன் நோம்பிக்கு ஈஸ்வரியோட "செல்லாத்தா செல்ல மாரியாத்தா" நாலு ஊருக்குக் கேக்குதுன்னா, பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் குரலும் அந்தக் குழாயும் ஒண்ணுக்கொண்ணு சேர்ந்த ஜோடி.

அம்மன் பாட்டு வகைக்கு இது. ஒண்ணு முடிஞ்சுது.

ஜூன் 8, இரவு 10.05

மேல சொன்னதுக்கு ஒரு ஒட்டு. ரேடியோ செட் போடற தம்பிகளுக்கு: குழாய்க்குப் போற ஆம்ப்ளிஃபயர்ல பேஸ் திருகை முழுசாக் குறைச்சு வைங்க. கூம்பு தாங்காத தாழ்ந்த சத்தத்தை உள்ள அனுப்பினா யூனிட்டுக்குள்ள இருக்கற டயாஃப்ரம், எதிர்த்துத் தள்ளக் காத்து இல்லாம எச்சா ஆடும். மொதல்ல கரகரன்னு வரும், அப்பறம் காயில் புடுங்கிக்கும். "சத்தம் பத்தல"ன்னு இன்னும் பேஸ் ஏத்தறதுதான் யூனிட் சாகறதுக்கு முக்காவாசிக் காரணம்.

ஜூன் 9, காலை 6.20

ரவைக்கு எழுதுனதைப் படிச்சுப் பார்த்தேன். குரல்னு நான் சொன்னது அத்தனையும் பாட்டு காதுக்கு எட்டறதைப் பத்தினது. எட்டறது வேற, நிக்கறது வேற. குரலே இல்லாத பாட்டிகள் பாடற கும்மி நிக்குதே? உடுக்கைக்காரர் விடியக்காலம் மூணு மணிக்குத் தொண்டை கட்டிப் போய்ப் பாடினாலும் சனம் எந்திரிச்சுப் போகலையே?

அதனால பல்லடத்தான் கட்சியை நான் தள்ளிட்டேன். என் கட்சி இது: கேக்கறவங்களுக்குன்னு எடம் விட்டு வைக்கற பாட்டுதான் நிக்கும். கைதட்ட, "ஆமா" போட, கடைசி வார்த்தையைச் சேர்ந்து சொல்ல, மூச்சு விட. எங்க, எவ்வளவு எடம்னு ஒவ்வொரு வகையிலயும் எண்ணியே காட்டலாம்.

ஜூன் 9, இரவு 8.45 (கும்மி)

எண்ணிக் காட்டறேன்னு சொல்லிட்டேன். கும்மிப் பாட்டுக்கு அடிக்கு ஏழு சீர், ரெண்டு அடி ஒரு கண்ணி. தாளம் எட்டுத் தட்டு. ஏழு சீரைப் பாடறோம், எட்டாவது தட்டு காலி. அந்தக் காலித் தட்டுல தட்டற கைதான் கும்மி. பாடறவங்க வாயை மூடற நேரத்துல ஆடறவங்க கை பேசுது.

இந்த வகைக்கு நான் எடுக்கறது பாரதியோட "கும்மியடி தமிழ்நாடு முழுதும்". வள்ளி கும்மிப் பாட்டு எடுக்காம இது எதுக்குன்னு சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுன்னா விரல்ல எண்ணிப் பார்க்கறதுக்கு சுலுவு, அதுக்குத்தான்.

ஜூன் 10, காலை 5.50

தப்பு. நேத்தைக்கு எழுதுனது இலக்கணத்துக்குச் சரி, கைக்குத் தப்பு. கும்மி வாத்தியார் பாடறாப்பல, தட்டுக்கு மூணு எழுத்தா வெட்டிப் பாருங்க:

கும்-மி-ய | டி-த-மிழ் | நா-டு-மு | ழு-தும்-கு | லுங்-கி-டக் | கை-கொட்-டிக் | கும்-மி-ய | டி…

எட்டாவது தட்டு காலி இல்ல. "டி" அங்கதான் வந்து விழுது. அதுக்குப் பின்னால ரெண்டு எழுத்து நேரம்தான் காலி. மொத்தம் 24 எழுத்து நேரத்துல 22-ஐப் பாட்டு எடுத்துக்குது, 2 நமக்கு. அடுத்த அடியும் அப்படியே:

நம்-மைப்-பி | டித்-த-பி | சா-சு-கள் | போ-யி-ன | நன்-மை-கண் | டோ-மென்-று | கும்-மி-ய | டி…

ரெண்டு அடியும் ஒரே "டி"யில வந்து இறங்குது. ஆடறவங்க காலை மாத்தி, உள்பக்கம் திரும்பின உடம்பை வெளிப்பக்கம் திருப்பறதுக்கு அந்த ரெண்டு எழுத்து நேரம் போதும். போதும்னா, இம்மியளவுக்குப் போதும். அதனாலதான் வேகம் ஏத்த ஏத்த மொதல்ல தடுமாறறது வாய் இல்ல, இந்தத் திரும்பல்.

இன்னொண்ணும் பாருங்க. சீர் வெட்டு வேற, தட்டு வெட்டு வேற. புத்தகத்துல "கும்மியடி" ஒரே சொல்லு, கையில அது ரெண்டு தட்டுக்குப் பிரிஞ்சு போகுது. புத்தகத்தைப் பார்த்துப் பழகறவங்களுக்குச் சொல்லு முடியற எடத்துல தட்டத் தோணும். தோணுச்சுன்னா போச்சு.

ஜூன் 11, இரவு 9.15

கேட்டாங்க: வள்ளி கும்மிக்கு ஏன் இத்தனை கூட்டம் இப்ப? எனக்குத் தெரிஞ்ச காரணம் ரெண்டு. ஒண்ணு, நடுவுல நிக்கற வாத்தியார் ஒரு அடி பாட, சுத்தி நிக்கறவங்க அதையே திருப்பிப் பாடறாங்க. பாட்டு தெரியாதவங்களும் மொத ராத்திரியே பாடிரலாம். ரெண்டு, ஒரு காலத்துல ஆம்பளைங்களே ஆடிட்டு இருந்ததுல பொம்பளைங்களும் வந்து சேர்ந்தது. அப்படிப் பொம்பளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்ல ஒருத்தர் கோவை மாவட்டத்து பத்ரப்பன். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல அவருக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க.

கதையும் எல்லாருக்கும் தெரிஞ்சது. தினைப்புனம், கிழவன் வேசம், யானை, கண்ணாலம். அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சாத்தான் காலு பயமில்லாம போகும்.

ஜூன் 14, இரவு 10.30 (தேவாரம்)

கொங்கேழ் தலம்னு ஏழு. அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாக்கூடல். இதுல எதை எடுக்கறதுன்னு மூணு நாளா மனசுக்குள்ள பஞ்சாயத்து.

அவிநாசி ரொம்ப இழுத்துச்சு. முதலை வாயில போன புள்ளையைத் திரும்பத் தரச் சொல்லி சுந்தரர் பாடினது, "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே". கெஞ்சல் கிடையாது, உத்தரவு. ஆனா அந்த ஒரு வரிக்காகப் பதிகம் முழுக்க எடுத்த மாதிரி ஆயிரும்.

நான் எடுக்கறது கொடுமுடி. "மற்றுப் பற்றெனக் கின்றி" பதிகம், பண் பழம்பஞ்சுரம், ஓதுவார்கள் சங்கராபரணத்துல பாடுவாங்க. கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் "உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே"ன்னு முடியும். எடம் விட்டிருக்கறது அங்கதான். ஓதுவார் மூணு அடி தனியா ஏறிப் போறாரு, நாலாவது அடியில நம்மளையும் கூட்டிக்கறாரு.

பாடறவங்க ரெண்டு எடத்துல வழுக்கறாங்க.

மொத வழுக்கல், விளி. எல்லாப் பாட்டுலயும் "நற்றவா"ன்னே பாடிட்டுப் போறாங்க. இல்ல. மொதப் பாட்டுல நற்றவா, ரெண்டாவதுல நட்டவா, மூணாவதுல நாவலா, நாலாவதுல வல்லவா. பின்னாடி வர்றது மாறாது, முன்னாடி கூப்புடற பேர் மட்டும் மாறும். சேர்ந்து பாடற கூட்டம் அந்த ஒரு சொல்லுக்காக ஓதுவார் வாயைப் பார்த்துட்டே இருக்கோணும்.

ரெண்டாவது, மூச்சு. "சொல்லும்"னு நிறுத்திட்டு "நா நமச்சிவாயவே"ன்னு சேர்த்தா திக்குவாய் மாதிரி "நாநமச்சிவாய"ன்னு கேக்கும், பொருளும் போச்சு. நா-ன்னா நாக்கு. "நான் மறக்கினும்" – இங்க சின்னதா ஒரு மூச்சு. "சொல்லும் நா" – ரெண்டும் ஒட்டி. அப்பறம் "நமச்சிவாயவே". நான் மறந்தாலும் என் நாக்கு மறக்காது. நான் வேற, நாக்கு வேறன்னு பிரிச்ச எடத்துலதான் இந்தப் பாட்டு என்னைப் புடிச்சு வெச்சிருக்கு. தறியில கை ஓடும், வாய் பாடும், மனசு வட்டிக் கணக்குல இருக்கும். அந்த நெலமைக்கு எழுதுன பாட்டு.

ஜூன் 15, காலை 6.40

செங்கோட்டுக்காரங்க கோவிச்சுக்கிட்டாங்க. ஞாயம்தான். சம்பந்தரோட திருநீலகண்டப் பதிகம் அங்க பாடினது, கூட வந்த அடியாருங்களுக்குக் குளிர்காய்ச்சல் கண்டப்போ. "செய்வினை வந்தெமைத் தீண்டப்பெறா திருநீலகண்டம்"னு முடியும். பண் வியாழக்குறிஞ்சி, இப்ப சௌராஷ்டிரத்துல பாடறாங்க. இதுலயும் எடம் கடைசியிலதான், ஆனா வேற மாதிரி. கொடுமுடியில வாக்கியம் முடியுது. இங்க "திருநீலகண்டம்"ங்கறது வாக்கியத்துக்கு வெளிய நிக்குது, ஆணை போடறாப்பல. கூட்டம் ஒரே சொல்லைத்தான் சொல்லோணும். சொரத்துல கெடக்கறவனும் சொல்லிரலாம்.

ரெண்டையும் வெச்சுக்கறேன். வகைக்கு ஒண்ணுங்கற சட்டம் ஒரு வாரம் கூடத் தாங்கல.

ஜூன் 15, இரவு 9.50 (உடுக்கை)

அண்ணன்மார் சாமி கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை. "ஒரு பாட்டு"ன்னு எடுக்க முடியாது, பல ராத்திரி ஓடற கதை. பிரெண்டா பெக்குங்கற கனடாக்காரம்மா 1965-ல காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்துல இந்தக் கதையை ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒலிப்பதிவு பண்ணினாங்க. அது ஆராய்ச்சி. நமக்கு வேண்டியது அதுல ஒரு துண்டு.

பாட்டுக்காரர் சொல்லு சொல்லா நீட்டிட்டுப் போவாரு, பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவாரு. வெளியூர்க்காரங்களுக்கு அந்த "ஆமா" சும்மா போடறாப்பல இருக்கும். அதை எடுத்துட்டா பாட்டுக்காரருக்கு மூச்சு வாங்க நேரமே கெடையாது. அவர் அடுத்த அடியை மனசுல கட்டறதும் அந்த நேரத்துலதான். எழுதி வெச்ச பாட்டு இல்லையே, கட்டிக்கிட்டே போறது. ஆக இங்க எடம் விட்டிருக்கறது கேக்கறவனுக்காக மட்டுமில்ல, பாடறவனுக்காகவும். இதை நான் ஜூன் 9-ல யோசிக்கல.

உடுக்கையைப் பத்தி. இடுப்பைக் கையில புடிச்சு, மேல ஓடற கயித்தை அமுக்க அமுக்க சுருதி ஏறும், விட்டா இறங்கும். அழுவற எடம் வந்தா உடுக்கையும் விம்மறது இந்த அமுக்கல்தான். ரெண்டு பக்கமும் இருக்கறது மெல்லிசு ஆட்டுச் சவ்வு. நடுச்சாமத்துக்கு மேல பனி இறங்கினா தொளதொளன்னு ஆயிரும், எவ்வளவு அமுக்கினாலும் விம்மாது. அப்ப நெருப்புல காட்டோணும். ஒரே எடத்துல புடிக்கக் கூடாது, வெலகி வெச்சு சுத்திச் சுத்திக் காட்டோணும். பக்கத்துல கொண்டுபோனா சவ்வு முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சுரும். வெய்யில்ல உட்டு எடுத்து வர்ற உடுக்கை சாயங்காலம் வெடைச்சுக்கிட்டு இருக்கும், அதுக்கு ஈரத்துணி ஒரு தொடை.

துண்டு எதுன்னு கேட்டா, அண்ணமார் செத்து விழுந்த படுகளத்துல தங்கச்சி தங்காள் அவங்களைத் தேடிக்கிட்டுப் போற எடம். தேடறப்போ "ஆமா" வராது. பின்பாட்டுக்காரர் வாயை மூடிக்குவாரு. பல ராத்திரி வந்துட்டு இருந்த ஆமா அங்க மட்டும் நின்னு போறப்பத்தான் வவுறு கலங்கும்.

ஜூன் 16, காலை 6.05

மேல கடைசியா எழுதுனதை எல்லாக் குழுவுக்கும் சட்டமா எடுத்துக்க வேண்டாம். குழுவுக்குக் குழு மாறும். ஆமா போட்டுக்கிட்டே தேடறவங்களும் உண்டு. எனக்குப் புடிச்சது போடாதது.

ஜூன் 22, இரவு 8.20 (மங்கல வாழ்த்து)

கண்ணாலத்துல குடிமகனார் (சடங்கு செய்யற நாவிதர்) பாடற மங்கல வாழ்த்து. கம்பர் எழுதுனதுன்னு சொல்வாங்க. ஒரு அடி முடிஞ்சா மத்தளத்துல ஒரே ஒரு தட்டு. அடி, தட்டு, அடி, தட்டு. தாளம்னு தனியா கெடையாது, அந்தத் தட்டு முத்திரை வெக்கறாப்பல.

இப்ப மண்டபத்துல இது கெட்டுப் போறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, மைக்கை மத்தளத்துக்குக் கிட்ட வெச்சர்றாங்க, தட்டு விழறப்போ அடியோட கடைசிச் சொல்லு முழுங்கிப் போகுது. பாடறவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்துல மைக், மத்தளம் ரெண்டு முழம் தள்ளி, மைக்கோட முதுகுப் பக்கம் இருக்கோணும். ரெண்டு, பாடிட்டு இருக்கறப்பவே "நேரமாச்சு"ன்னு நாதஸ்வரத்துக்குச் சைகை காட்டிர்றாங்க. அடிக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கற எடம் காலியா இருக்குதுன்னு நெனைச்சுக்கறாங்க. ஒறம்பரைக எல்லாம் தலையாட்டறது அந்த எடத்துலதான்.

ஜூன் 23, இரவு 9.00 (திருப்புகழ்)

"நாத விந்து கலாதி". பழனிப் பாட்டு. கொங்கும் வைகாவூரும் பேரோட வர்ற பாட்டுங்கறதால நமக்கு உரிமை எச்சு.

சந்தம்: தான தந்தன தானா தனாதன. மாத்திரை 3, 4, 4, 5. கூட்டினா 16. இது மூணு தடவை, அப்பறம் "தனதானா", அதாவது "வெகுகோடி". இதுக்குத் தொங்கல்னு பேரு. தொங்கலுக்கு மாத்திரை 6 தான். நாலாவது பங்கையும் 16-ஆ எடுத்தா மீதி 10 மாத்திரை தொங்குது. கும்மியில 24-ல 2 விட்ட எடம், இங்க 64-ல 10. பேரே தொங்கல், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

வழுக்கற எடம்: "கலாதி"ன்னு குறிலாப் பாடறது. சந்தத்துக்கு அது "லாதீ", தானா. பொருளைப் பார்த்துக் "கலாதி"ன்னு வெட்டினா ஒரு மாத்திரை கொறையும், அடுத்த "நமோநம" ஓடி வந்து முட்டும். புத்தகத்துல "விந்துக லாதீ"ன்னு பிரிச்சு அச்சடிச்சிருக்கறது அச்சுப் பிழை இல்லீங்க. அது தாளக் குறிப்பு.

ஜூன் 29, இரவு 10.10 (பழைய சினிமா)

கோயமுத்தூருல சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ரெண்டும் ஓடின காலம். 1943-ல வந்த சிவகவியில தியாகராஜ பாகவதரோட "வதனமே சந்திர பிம்பமோ" பெரிய பாட்டு, மறுக்கல. ஆனா அதுல நமக்கு எடம் இல்ல. பாகவதர் பாடுவாரு, நாம வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கலாம். ஆளுக்குத்தான் அத்தனை எடமும்.

என் பாட்டு 1954, பட்சிராஜாவோட மலைக்கள்ளன், "எத்தனை காலம்தான் ஏமாற்றுவார்". ஜி.ராமநாதன் இசை, டி.எம்.எஸ். குரல். "நாட்டிலே"ன்னு முடிச்சதை விடாம, சொந்த நாட்டிலே, நம் நாட்டிலேன்னு வாலை நீட்டறாரு பாருங்க, அங்க டீக்கடையே சேர்ந்து பாடும்.

ஜூன் 29, இரவு 10.25

எஸ்.எம்.சுப்பையா நாயுடு! ஜி.ராமநாதன் இல்ல. கை அவசரம். ராமநாதன் அதுக்கு நாலு வருசம் முந்தி, 1950-ல சேலம் மாடர்ன் தியேட்டர்ஸோட மந்திரி குமாரிக்கு. "வாராய் நீ வாராய்", திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். ரெண்டையும் மனசுல பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கறதால மாறிப் போச்சு.

சேலம் கொங்கு இல்லைன்னு ஒருத்தர் வருவாரு. வரட்டும்.

"வாராய்" ஏன் பக்கத்துலன்னா, புருசன் பொண்டாட்டியைத் தள்ளிக் கொல்ல மலைக்குக் கூட்டிப் போற பாட்டு. கூப்புடறான், எடம் விடறான், அவ ஒரு எட்டு வெக்கறா. எடம் விட்டு வைக்கறதுங்கறது நல்லதுக்கு மட்டும்தான்னு நெனைச்சுட்டு இருந்தா, அந்தப் பாட்டைக் கேளுங்க.

ஜூலை 1

1976, அன்னக்கிளி. சத்தியமங்கலத்துக்கு அந்தாண்ட தெங்குமரஹாடாவுல எடுத்தது, இளையராஜாவுக்கு மொதப் படம். ஜானகி பாடின "மச்சானப் பாத்தீங்களா". பாட்டே கேள்வியா இருக்குது. கேள்வி கேட்டா பதில் சொல்ல எடம் விட்டுத்தானே ஆகோணும். இதுக்கு மேல எழுத ஒண்ணுமில்ல.

ஜூலை 6, இரவு 9.40 (தாலாட்டு)

தாலாட்டுக்கு எந்தப் பாட்டுன்னு சொல்ல மாட்டேன். ஊட்டுக்கு ஊடு வேற. ஆனா வேகம் எப்படி வருதுன்னு சொல்லலாம், அது அம்மா கையில இல்ல, விட்டத்துல இருக்குது.

தூளி ஒரு ஊசல். விட்டத்துல இருந்து புள்ளை படுத்திருக்கற எடம் வரைக்கும் அளங்க. 1 மீட்டர்னா ஒரு தடவை போயிட்டு வர 2 நொடி. ஒண்ணரை மீட்டர்னா ரெண்டரை நொடிக்குக் கொஞ்சம் கம்மி. 2 மீட்டர்னா 2.8 நொடி. புள்ளை கனமா, எளைப்பா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வேகமா இழுத்து விட்டாலும் வீச்சுதான் எச்சாகும், நேரம் பெருசா மாறாது. பாட்டு அந்த ஆட்டத்துக்குள்ள வந்து உக்காந்துக்கும். நாலு சீர் அடிக்கு ரெண்டு ஆட்டம். தூளி அந்தக் கோடியில ஒரு கணம் நின்னு திரும்பும் பாருங்க, "ஆராரோ"வுல இழுப்பு விழறது அங்க.

பழைய ஓட்டு ஊட்டுல விட்டம் ஒசரம், தாலாட்டு மெதுவு. இப்ப ஒரு முழக் கயித்துல ஸ்பிரிங்கு தொட்டில் மேலயும் கீழயும் குதிக்குது. அந்தக் குதிக்கு "ஆராரோ" பாடிப் பாருங்க, விக்கல் வந்தாப்பல இருக்கும்.

ஜூலை 7

பல்லடத்தான் எழுதியிருக்காரு: "தறிக்கும் அப்படித்தானுங்களாண்ணா? தறி ஓட்டத்துக்குத்தான் பாட்டு உக்காருதுங்களா?"

இல்ல தம்பி. ஒரே தறின்னா உக்காரும். எட்டுத் தறிக்கு எட்டு மோட்டாரு. ஒண்ணு நிமிசத்துக்கு 140, பக்கத்துது 138-னு வையுங்க. அரை நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டும் ஒண்ணா அடிக்கும், உடனே வெலகிப் போயிரும். எட்டும் கலந்தா தாளமே கெடையாது, மழை பேஞ்சாப்பல. அதனாலதான் தறிச் சாளையில தாளப் பாட்டை விட, அடி நீண்டு, கடைசியில புடிச்சுக்கற பாட்டு நல்லா எடுபடும். குரல் கட்சிக்காரருக்கு இதுல பாதி மார்க்கு திருப்பிக் குடுத்துர்றேன்.

கவலை (எருது கட்டிக் கெணத்துத் தண்ணி இறைக்கறது) ஓட்டின காலத்துப் பாட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்ல. எருது சரிவுல இறங்கறப்போ அடி, சால் (தண்ணி மொள்ற ஏனம்) மேல வந்து தண்ணி கொட்டறப்போ நிறுத்தம், எருது பின்னால ஏறறப்போ எண்ணிக்கை. பாட்டு முடிஞ்சா எத்தனை சால்னு கணக்கும் முடிஞ்சிரும். 1932-ல நீலகிரி பைக்காராவுல இருந்து கரண்டு வந்து, ஒவ்வொரு கெணறா மோட்டார் ஏற ஏற அந்தப் பாட்டுக்கு வேலை போச்சு. வேலை போன பாட்டு மேடையில ஏறினா எண்ணிக்கையைத்தான் மொதல்ல விட்டுர்றாங்க, சலிப்பா இருக்குதுன்னு.

ஜூலை 13

ஒப்பாரிக்கு ஒண்ணு எடுக்கச் சொல்லி ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. எடுக்க மாட்டேன். எடுத்து வெச்சுக் கேக்கற பாட்டில்ல அது.

ஜூலை 20, இரவு 9.10

பாட்டே இல்லாத ஒண்ணை எப்படி மறந்தேன்? கம்பத்தாட்டம். மாரியம்மன் கோயில் முன்னாடி முக்கவர்க் கம்பம் நட்டு, ராத்திரி ராத்திரி சுத்தி ஆடறது. பறை மட்டும்தான், சொல்லு கெடையாது. பாட்டு எடத்தை முழுசாவே நமக்கு விட்டுருச்சுன்னா அதுதான். இதையும் பட்டியல்ல போட்டா பல்லடத்தான் "குரல் எங்கீங்க?"ம்பாரு. போட்டாச்சு.

ஆகஸ்ட் 2, இரவு 8.00

நாளைக்கு ஆடி நோம்பி, கொடுமுடியில எள்ளு போட்டா கீழ விழாது. அதுக்குள்ள கோபிக்காரரோட கேள்விக்குப் பதில் சொல்லிர்றேன். கும்மிக்குக் கீபோர்டுல தாளம் போட்டா ஏன் காலு இடறுதுன்னு கேட்டிருந்தாரு.

கீபோர்டுல மொதல்ல கைக்கு வர்ற டிஸ்கோ, பாப் எல்லாமே தட்டை நாலாப் பிரிக்கறது. கும்மி தட்டை மூணாப் பிரிக்குது. ஜூன் 10-ல எழுதுன வெட்டைப் பாருங்க. பாட்டுல மூணு, கீபோர்டுல நாலு. தட்டு விழற எடத்துல ரெண்டும் ஒத்துப் போகும், நடுவுல ஒத்துப் போகாது. தெரிஞ்ச காலு சமாளிக்கும், புதுக் காலு அந்த நடுவுலதான் இடறும்.

வால்ட்ஸ் போடலாமேம்பாங்க, அதுவும் மூணுதானே. கும்மிக்கு நல்ல நடை, நிமிசத்துக்கு 96 தட்டு, அதாவது எட்டுத் தட்டுக்கு 5 நொடி. வால்ட்ஸ்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண்ணம் வேணும், 96 பெருக்கல் 3, 288. நெறையக் கீபோர்டு 255-லயே நின்னுக்கும். நடக்காது.

ஸ்லோ ராக் போடுங்க. பேருதான் அப்படி, உள்ள இருக்கறது தட்டுக்கு மூணு. வேகம் 96. ஒரு சுத்துக்கு நாலு தட்டு, ரெண்டு சுத்துக்கு ஒரு அடி. 6/8-னு தனியா இருந்தா அதுவும் ஆகும், அதுல ஒரு சுத்துக்கு ரெண்டு தட்டு. பேஸ், கார்டு ரெண்டையும் அணைச்சுட்டுத் தாளத்தை மட்டும் ஓட விடுங்க. ஃபில்-இன் பட்டனை யாரும் தொடக் கூடாது. அது சரியா எட்டாவது தட்டுல, அந்த "டி"க்குப் பின்னால இருக்கற ரெண்டு எழுத்து எடத்துலதான் வந்து டமடமன்னு விழும்.